மொத பெரிய வண்டியா நின்ஜா 650 எடுத்தேன், 14 மாசத்துக்கு அப்புறம் சொல்றேன்

வாங்கி 14 மாசம் ஆச்சு, மீட்டர்ல 11,400 கிலோமீட்டர் காட்டுது. இதுவரைக்கும் ஒரே ஒரு தடவதான் கீழ போட்டிருக்கேன், அதுவும் வேகமா போய் இல்ல, காலியா கெடந்த பார்க்கிங்ல நடக்கற வேகத்துல திருப்பும்போது. அந்தக் கதைய கீழ சொல்றேன். கவாஸாகி நின்ஜா 650 பத்தி ஸ்பெக் ஷீட்ட அப்படியே ஒப்பிச்சு எழுதினவங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க, நானும் அதையே எழுதி உங்க டைம வீணாக்கல. 150 சிசிக்கு மேல எதையும் தொடாத ஒருத்தனுக்கு மொத பெரிய வண்டியா இது எப்படி இருக்கு, இத எடுக்கறதுக்கு முன்னாடி வேற எதெல்லாம் பாத்தேன், எங்க ஏமாற இருந்தேன், இவ்ளோதான் விஷயம்.

உண்மைய சொல்லிடறேன், என் மனசுல இருந்தது இந்த வண்டியே இல்ல. நாலு சிலிண்டர் 600தான். யமஹா ஆர்6, கவாஸாகியோட இசட்எக்ஸ்-6ஆர் மாதிரி. அந்த சத்தம் இருக்கே, மேல ஏற ஏற ஊளையிடற மாதிரி ஒரு சத்தம், அத ஹெட்ஃபோன்ல கேட்டுக்கேட்டே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டேன். 600 சிசிதானே, 1000 இல்லையே, அப்ப புதுசா ஓட்டறவனுக்கு ஏத்ததுதானேன்னு ஒரு கணக்கு வேற. இந்த கணக்குல விழுந்தது நான் மட்டும் இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. சிசி ஒண்ணா இருந்தா வண்டியும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கறோம். ஆர்6 599 சிசி, நின்ஜா 650 649 சிசி, நம்பர பாத்தா ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடு. ஆனா அது 110 எச்பிக்கு மேல, இது 68 எச்பி. அது ரேஸ் டிராக்க மனசுல வச்சு பண்ணினது, மொத கியர்லயே 100ஐ தாண்டும், கீழ ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துட்டு பாதி ஆர்பிஎம்ம தாண்டினதும் திடீர்னு பேய் புடிச்ச மாதிரி கெளம்பும். ஆர்பிஎம் மீட்டர்ல முள்ளு எங்க இருக்குன்னு பாக்க கூட நேரம் இருக்காது.

செகண்ட் ஹேண்ட்ல அப்படி ஒண்ணு மாட்டுச்சு. போட்டோவுல பளபளன்னு, நேர்ல போனா அதுக்கும் மேல பளபளன்னு இருந்துச்சு. ஒரே ஓனர், வாரத்துல ஒரு நாள்தான் எடுப்பேன், கொழந்த மாதிரி வச்சிருக்கேன்னு வித்தவர் சொல்லிட்டே இருக்கார், நான் தலைய ஆட்டிட்டே இருக்கேன். கையில அட்வான்ஸ் பணம் வேற எண்ணி வச்சிருந்தேன். நல்லவேளை கூட வந்த அண்ணன் எதுவும் பேசாம முட்டி போட்டு உக்காந்து டயர தொடச்சு பாத்தார். டயரோட பக்கவாட்டுல ஒரு சின்ன கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டும் எத்தனாவது வாரம், கடைசி ரெண்டும் எந்த வருஷம். முன் டயர்ல ஒரு வருஷம், பின் டயர்ல அதவிட நாலு வருஷம் பழசு. பட்டன் நெறைய இருக்கு, தேயவே இல்ல, ஆனா ரப்பர் காஞ்சு நகத்தால அமுக்கினா கல்லு மாதிரி இருக்கு, ஓரத்துல பொடிப்பொடியா வெடிப்பு. அப்புறம் ஹேண்டில்பார ஒரு பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி, அது ஃபிரேம்ல முட்டி நிக்கற இடத்த டார்ச் அடிச்சு காட்டினார். அந்த முட்டு ஒரு பக்கம் நசுங்கி பெயிண்ட் போயிருந்துச்சு. பிளாஸ்டிக்க மாத்திடலாம், பெயிண்ட் அடிச்சிடலாம், அந்த முட்டு நசுங்கறதுக்கு மட்டும் வண்டி எங்கயோ நல்லா வாங்கியிருக்கணும். வித்தவர்கிட்ட கேட்டா வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுங்கறார். அப்ப ஒரே ஓனர்னு சொன்னது என்னாச்சு சார்னு அண்ணன் கேட்டார், அதுக்கு பதில் வரல. அட்வான்ஸ் பாக்கெட்டுக்குள்ளயே திரும்பிடுச்சு.

திரும்பி வர வழியிலதான் அண்ணன் கேட்டார், "நீ அந்த வண்டிய தள்ளிப் பாத்தியாடா?" நான் சிரிச்சேன். ஓட்டறதுக்கு வாங்கறேன், தள்ளறதுக்கா வாங்கறேன்னு. அவர் சிரிக்கல. மறுநாள் தன்னோட வண்டிய, 200 கிலோவுக்கு மேல இருக்கற பழைய நாலு சிலிண்டர், வீட்டு பார்க்கிங்ல நிறுத்தி சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டார். இன்ஜின் ஆன் பண்ணாம இத அந்த தூண் வரைக்கும் தள்ளிட்டு போ, அங்க ரிவர்ஸ் எடுத்து திருப்பி, இதே எடத்துல கொண்டு வந்து சைடு ஸ்டாண்ட் போடுன்னார். அவ்ளோதான் பரிட்சை. பத்து மீட்டர் கூட இருக்காது. போறது ஈஸி. ரிவர்ஸ் எடுக்கும்போது தரை லேசா சரிவா இருக்கறதே அப்பதான் கண்ணுக்கு தெரியுது. வண்டி என் பக்கமா சாஞ்சிருந்தா இடுப்பால முட்டுக் குடுக்கலாம், அந்தப்பக்கம் ஒரு விரக்கடை சாஞ்சுதுன்னா புடிக்கவே முடியாது. அப்படித்தான் சாஞ்சுது, அவர் அந்தப்பக்கம் நின்னதால தப்பிச்சேன். சட்டை முதுகோட ஒட்டிடுச்சு. "ஆழம் தெரியாம கால விடக்கூடாதும்பாங்க, இங்க கால் எட்டுதான்னு தெரியாமலே வண்டிய வாங்கறீங்க"ன்னு சொல்லிட்டு சாவிய குடுத்தார்.

அதுக்கப்புறம் எந்த வண்டிய பாக்கப் போனாலும் மொதல்ல தள்ளறதுதான். ஷோரூம்ல ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும். எச்பிய எல்லாரும் கேக்கறாங்க, அந்த எச்பிய முழுசா யூஸ் பண்ற நிமிஷம் ஒரு நாளைக்கு எத்தனன்னு நெனச்சு பாருங்க. வெயிட்ட தெனமும் யூஸ் பண்றோம், கேட்ட தொறந்து வெளிய எடுக்கறப்ப, பெட்ரோல் போடறப்ப, சிக்னல்ல சாஞ்ச ரோட்டுல கால ஊனறப்ப, ரெண்டு காருக்கு நடுவுல இருந்து பின்னாடி எடுக்கறப்ப. மொத பெரிய வண்டிய கீழ போடறவங்க முக்கால்வாசி பேர் நின்னுட்டு இருக்கும்போதோ நிக்கப்போகும்போதோதான் போடறாங்கங்கறது என் அனுமானம், கணக்கெடுத்து சொல்லல, வண்டி ஓட்டறவங்க கூட்டத்துல கேட்டா ஒவ்வொருத்தரும் வெக்கப்பட்டுக்கிட்டே இந்த மாதிரி ஒரு கதைய சொல்றாங்க.

வெயிட்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பழைய பிரோஷர்ல டிரை வெயிட்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, பெட்ரோல், ஆயில், கூலன்ட், சிலதுல பேட்டரி கூட இல்லாம. அத நம்பவே நம்பாதீங்க, பெட்ரோல் இல்லாம யாரு ஓட்டறா. பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊத்தி ஓட்ட ரெடியா இருக்கற வெயிட்ட, அதாவது கெர்ப் வெயிட்ட பாக்கணும். நின்ஜா 650 கெர்ப் 193ல இருந்து 196 கிலோ, எந்த நாட்டு மாடல்ங்கறத பொறுத்து. 15 லிட்டர் டேங்க், அது ஃபுல்லா இருந்தா அதுலயே 11 கிலோ இருக்கு. ஆனா வெறும் கிலோவும் போதாது, அந்த கிலோ எங்க உக்காந்திருக்குங்கறதுதான் மேட்டர். கீழ இருந்தா 200 கிலோவும் சாதுவா இருக்கும், மேல தூக்கி வச்ச 190 கிலோ சட்டுனு கவுக்கும்.

சீட் உயரத்துலயும் இதே கதைதான். இதுல 790 மில்லிமீட்டர். எனக்கு 5 அடி 6 அங்குலம், ரெண்டு காலும் முக்கால்வாசி பாதம் ஊனுது, குதிகால் லேசா தூக்கும். நம்பர்ல 790னு இருக்கற வேற வண்டில உக்காந்தா நுனிக்கால்தான் பட்டுச்சு, ஏன்னா அங்க சீட்டு தொடை கிட்ட அகலம், கால விரிச்சு வச்சா உயரம் தானா கூடிடும். நின்ஜாவுல டேங்க் பக்கம் சீட்டு ஒடுக்கமா குறுகிப் போகுது, அதனால கால் நேரா கீழ இறங்குது. பேப்பர்ல இருக்கற நம்பர நம்பாம போய் உக்காருங்க, அதுவும் தெனமும் போடற ஷூவ போட்டுட்டு. செருப்போட போய் உக்காந்து பாத்துட்டு எட்டலன்னு சொன்ன ஆள எனக்கு தெரியும். நான்தான் அது.

வேற என்னெல்லாம் ஓட்டினேன்னு கேட்டா, வாடகைக்கு, ஃபிரெண்ட்ஸ்கிட்ட கெஞ்சி, டெஸ்ட் ரைடுன்னு ஒரு மூணு மாசம் அலைஞ்சேன். ஹோண்டாவோட 500 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிங்க ரொம்ப மரியாதையானவை. உண்மைல 471 சிசி, 47 எச்பி. அதென்ன கரெக்டா 47னு ஒருநாள் தோணுச்சு, நோண்டி பாத்தா ஐரோப்பாவுல 2013ல இருந்து ஏ2னு ஒரு லைசென்ஸ் படி இருக்கு, அதுல 35 கிலோவாட்டுக்கு மேல இருக்கற வண்டிய ஓட்டக்கூடாது, 35 கிலோவாட்ட எச்பில மாத்தினா 47. அந்த வண்டியும் அதே 2013லதான் வந்துச்சு. அதாவது பெரிய வண்டிக்கு புதுசா வர்றவனுக்கு இவ்ளோ போதும்னு ஒரு கண்டமே உக்காந்து முடிவு பண்ணின நம்பர் அது. ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650யும் கிட்டத்தட்ட அதே 47தான், ஆனா 52 நியூட்டன்மீட்டர் டார்க், அதாவது இழுவிசை, அதுல பெரும்பகுதி கம்மி ஆர்பிஎம்லயே கெடைக்குது, கியர் மாத்த சோம்பேறித்தனமா இருந்தாலும் இழுத்துட்டு போகும், சத்தமும் பிரமாதம். எனக்கு அது செட் ஆகாததுக்கு ஒரே காரணம் தள்ளிப் பாத்ததுதான், 200 கிலோவ தாண்டுது, 804 மில்லிமீட்டர் சீட்டு வேற, ரிவர்ஸ்ல எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. உங்களுக்கு 5 அடி 10 இருந்தா இந்த பேராவ மறந்துடுங்க, அது தங்கமான வண்டி.

யமஹா எம்டி-07 ஓட்டினதும் கொஞ்சம் தலை சுத்திடுச்சு. 689 சிசி, கெர்ப் வெயிட் 184 கிலோ பக்கம்தான். அதுல கிராங்க் 270 டிகிரி, அதாவது ரெண்டு பிஸ்டனும் சரி பாதி இடைவெளில வெடிக்காம கொஞ்சம் தாளம் தப்பி வெடிக்கும், வி வடிவத்துல ரெண்டு சிலிண்டர் இருக்கற வி-ட்வின் இன்ஜின் மாதிரி ஒரு துள்ளல் வரும். ரெண்டாவது கியர்ல கொஞ்சம் ஆசையா முறுக்கினேன், முன் வீல் லேசாயிடுச்சு, ஹேண்டில்பார் கையில காத்து மாதிரி ஆச்சு. ஜாலியாத்தான் இருந்துச்சு, ஆனா எறங்கினப்புறம் யோசிச்சேன், நான் வேணும்னு பண்ணல, அது தானா நடந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு ஓட்ட வேண்டிய வண்டின்னு மனசுல குறிச்சு வச்சேன். கேடிஎம் 390 ட்யூக் ஒத்த சிலிண்டர், 170 கிலோவுக்குள்ள, தள்ளறதுக்கு சைக்கிள் மாதிரி, கத்துக்க இதவிட நல்ல வண்டி கெடைக்காது, ஆனா லாங் போகும்போது அதோட அவசரம் எனக்கு ஒத்துவரல, எப்பவும் யாரோ பின்னாடி துரத்தற மாதிரியே இருக்கும். ஹோண்டா ரெபெல் 500 சீட்டு 690 மில்லிமீட்டர், உயரம் கம்மியா இருக்கறவங்க வேற எதையும் பாக்காம நேரா அதுல போய் உக்காருங்க.

கடைசில நின்ஜா. மொத டெஸ்ட் ரைடுல ஒண்ணுமே தோணல, சத்தியமா. சும்மா ஒரு வண்டி ஓட்டின மாதிரி இருந்துச்சு. ஷோரூம்ல இருந்து வெளிய வந்தப்ப அண்ணன் எப்படி இருந்துச்சுன்னார், ஒண்ணும் பெருசா இல்லண்ணேன்னேன், அப்ப இதத்தான் எடுக்கணும்னார். பயமும் வரல, தலையும் சுத்தல, வீட்டுக்கு வந்து ஹெல்மெட்ட கழட்டினா கழுத்து வலிக்கல.

பேர்ல நின்ஜாவும் மேல பச்சை பிளாஸ்டிக்கும் இருக்கறதால ரேஸ் வண்டின்னு ஊரே நெனைக்குது, கெத்துக்கு அது போதும், ஆனா உள்ள இருக்கறது இசட்650னு இருக்கற, முன்னாடி பிளாஸ்டிக் மூடாத மொட்டை வண்டியோட அதே இன்ஜின், அதே ஃபிரேம். ஹேண்டில்பார் மேல தூக்கி இருக்கு, முதுகு லேசாத்தான் சாயும். ஆக்சிலரேட்டர கால்வாசி திறந்தா கால்வாசிதான் போகுது, இத படிக்கறப்ப இதென்ன பெரிய விஷயம்னு தோணும், எல்லா வண்டியும் அப்படி இல்லங்க. 3,000 ஆர்பிஎம்ல இருந்து சாந்தமா இழுக்கும், 6,000க்கு மேல இன்னொரு மூஞ்சிய காட்டும், அப்பவும் சொல்லிட்டுத்தான் காட்டும். 2017ல வண்டிய புதுசா டிசைன் பண்ணினப்ப முன்ன இருந்ததவிட 18 கிலோவுக்கு மேல கொறச்சாங்க, அதனால செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்க 2017க்கு அப்புறம் வந்ததா பாருங்க, தள்ளிப் பாத்தாலே வித்தியாசம் தெரியும். அதே வருஷம்தான் அசிஸ்ட் ஸ்லிப்பர் க்ளட்ச்சும் வந்துச்சு. க்ளட்ச் லீவர் 150 சிசி வண்டி மாதிரி லேசா இருக்கும், புதுசா ஓட்டறவன் பதட்டத்துல கியர படபடன்னு ரெண்டு கொறச்சுட்டு க்ளட்ச்ச பட்டுனு விட்டா பின் வீல் கிறீச்சுன்னு இழுபடாம அது சமாளிச்சுக்கும். எனக்கு மட்டும் எத்தன தடவ சமாளிச்சிருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது யாரும் பேசாத ஒரு சின்ன விஷயம். நியூட்ரல். பழைய வண்டில சிக்னல்ல ஒண்ணுல இருந்து தூக்கினா ரெண்டுக்கு போகும், திருப்பி அமுக்கினா ஒண்ணுக்கு வரும், பச்சை லைட் மினுக்குன்னு கண்ணடிச்சுட்டு போகும், பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிப்பான். இதுல வண்டி முழுசா நின்னுட்டா மொத கியர்ல இருந்து மேல தூக்கினா நியூட்ரல தாண்டி போகவே போகாது, கியர் பாக்ஸ்குள்ள அப்படி ஒரு ஏற்பாடு. டக்குனு ஒரே தூக்கு, பச்சை லைட். கவாஸாகி நெறைய வண்டில இத வச்சிருக்காங்க. 68 எச்பிய விட இந்த டக்குக்குத்தான் நான் தெனமும் நன்றி சொல்றேன்.

குறைன்னு பாத்தா, முன் ஃபோர்க்ல எதையும் அட்ஜஸ்ட் பண்ண முடியாது, பின்னாடி ஸ்பிரிங்க எவ்ளோ இறுக்கி வைக்கறதுங்கற பிரிலோட் மட்டும்தான், பாத்தா இங்கதான் காச மிச்சம் புடிச்சிருக்காங்கன்னு புரியும். மோசமான ரோட்டுல பள்ளத்த பாக்காம விட்டா முதுகுத்தண்டுக்கு தகவல் போயிடும். பின் சீட்டு ஒரு மொழம் கூட இல்ல, கூட வர்றவங்க அரை மணி நேரம் அன்பா இருப்பாங்க, அதுக்கப்புறம் இருக்க மாட்டாங்க. கண்ணாடில பாதி என் முழங்கைதான் தெரியுது. நெரிசல்ல ஃபேன் ஓட ஆரம்பிச்சா காத்து சூடா கீழ இறங்கும், தண்ணி கூலிங் இருக்கற எல்லா பெரிய இன்ஜினும் அப்படித்தான், ஆனா 150 சிசில இருந்து வர்றவனுக்கு வண்டி கெட்டுப்போச்சோன்னு பயம் வரும், கெடல. மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 22ல இருந்து 25 வருது, கை சும்மா இருந்தா.

இப்ப அந்த விழுந்த கதை. வாங்கி பதினோராவது நாள். காலி பார்க்கிங்ல எட்டு போட்டு பழகிட்டு இருந்தேன், ஒரு மணி நேரம் நல்லா வந்துச்சு, அந்த தைரியத்துல கடைசியா ஒரே ஒரு தடவ இன்னும் குறுகலா திருப்பலாம்னு இடது பக்கம் ஹேண்டில முழுசா ஒடிச்சேன். ஒரு பூனை குறுக்க வந்துச்சு. பழக்கதோஷம், முன் பிரேக்க ரெண்டு விரலால புடிச்சேன். ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்க தொட்டா வண்டியோட வேகம் மொத்தமும் அந்த திரும்பின பக்கம் கீழ போய் கொட்டும், 150லயும் அப்படித்தான், ஆனா அங்க ஒத்தக் காலால தாங்கிடலாம். இங்க கால ஊனினேன், ஒரு நொடி நிக்கற மாதிரி இருந்துச்சு, அப்புறம் தொடை நடுங்கிச்சு, சரி போன்னு மனசுக்குள்ளயே விட்டுட்டு நான் தாண்டி வெளிய வந்தேன். மெதுவா, அவ்ளோ மெதுவா படுத்துச்சு. க்ளட்ச் லீவர் நுனி ஒடைஞ்சுது, ஹேண்டில் முனைல ஒரு வட்டமா தேய்ப்பு, பக்கவாட்டு பிளாஸ்டிக்ல கை அகலத்துக்கு கீறல். பூனை உக்காந்து பாத்துட்டு இருந்துச்சு.

தூக்கறதையும் சொல்லிடறேன், இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. குனிஞ்சு ஹேண்டில புடிச்சு இழுத்தா இடுப்பு போயிடும். மொதல்ல இன்ஜின ஆஃப் பண்ணி கியர்ல போடுங்க, உருளாம இருக்கும். வண்டிக்கு முதுக காட்டி, சீட்டு ஓரத்துல பின்பக்கத்த முட்டுக் குடுத்து உக்காந்த மாதிரி நின்னு, ஒரு கையில தரைய ஒட்டி இருக்கற ஹேண்டில் முனை, இன்னொரு கையில பின்னாடி பிடி, அப்புறம் கைய மடக்காம கால் பலத்துல சின்னச்சின்ன அடியா பின்னாடி நடங்க. ஏறிடும். வலது பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்ட எறக்கி விட்டுடலாம். இடது பக்கம் விழுந்தா ஸ்டாண்ட் அடில மாட்டிக்கும், அப்ப நேரா நின்னதும் அந்தப்பக்கம் கவுத்துடாம பாத்துக்கணும், ரெண்டு பக்கமும் அடி வாங்கின வண்டிங்க பாதி இப்படி ஆனதுதான்.

அதுல இருந்து மெதுவா போறப்ப முன் பிரேக் பக்கமே விரல் போறதில்ல, பாதி க்ளட்ச், பின் பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே, கண்ணு போக வேண்டிய எடத்துல. வேகமா போறப்ப நேர் எதிர், நிறுத்தற வேல முக்கால்வாசி முன் பிரேக்கோடதுதான். இத பழகாதவங்க கதி என்னன்னு 1981ல அமெரிக்காவுல ஹர்ட் அறிக்கைனு ஒண்ணு வந்துச்சு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்த ஒவ்வொண்ணா நோண்டி எழுதினது. விழுந்தவங்கள்ல 92 சதவீதம் பேர் தானா கத்துக்கிட்டவங்க, இல்ல வீட்டுக்காரங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட கத்துக்கிட்டவங்க. பயத்துல பின் பிரேக்க அளவுக்கு மீறி மிதிச்சு சறுக்கிட்டு, முன் பிரேக்க போதுமான அளவு புடிக்காம விட்டிருக்காங்க. அதுல என்ன உலுக்கினது இன்னொரு கணக்கு: கிட்டத்தட்ட மூணு வருஷ அனுபவம் இருந்தவங்கதான், ஆனா பாதிக்கு மேல பேருக்கு விழுந்த அந்த வண்டியோட பழக்கம் அஞ்சு மாசம் கூட இல்ல. ஆறு வருஷமா ஓட்டறேன் எனக்கு என்ன சொல்லித் தரன்னு நான் பேசினது ஞாபகம் வந்துச்சு. ஆறு வருஷம் வேற வண்டில.

அதனால பிரேக் அடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் இல்லாத பெரிய வண்டிய மொத வண்டியா எடுக்காதீங்க, எவ்ளோ சல்லிசா கெடைச்சாலும். இதுல ரெண்டு பக்கமும் இருக்கு, பின் வீல் வழுக்கி சுத்தாம பாத்துக்கற டிராக்ஷன் கன்ட்ரோல் 2023 மாடல்லதான் வந்துச்சு, அது இல்லாம என்னால சமாளிக்க முடியும், ஏபிஎஸ் இல்லாம முடியாது. ஆனா ஏபிஎஸ்ஸும் மந்திரம் இல்ல. வேகம் ரெண்டு மடங்கானா நிக்கற தூரம் நாலு மடங்கு. காஞ்ச ரோட்டுல 60ல நல்லா பிரேக் அடிச்சா ஒரு 20 மீட்டர், 120ல 80 மீட்டர், அதுவும் பிரேக்ல கை வச்சதுக்கு அப்புறம்தான் இந்த கணக்கு. இந்த வண்டி 120க்கு வர்றது உங்களுக்கே தெரியாது, அதான் பிரச்சன.

செலவுன்னு பாத்தா வண்டி வெலையோட கணக்கு முடியாது. டயர் ரெண்டும் சின்ன வண்டிய விட வேகமா தேயும், செயினுக்கு 500, 600 கிலோமீட்டருக்கு ஒருக்கா தொடச்சு லூப் ஆயில் அடிக்கணும், இன்சூரன்ஸ் வேற. எல்லாத்துக்கும் மேல உடம்புல போடறது. வண்டிக்கு பட்ஜெட் போட்டப்ப நான் ஹெல்மெட், ஜாக்கெட், க்ளவ்ஸ், பூட்ஸ்னு தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துலதான் வண்டி பாத்தேன், அதுவும் அண்ணன் மெரட்டினதால. அந்த பார்க்கிங்ல விழுந்தப்ப கணுக்கால் வண்டிக்கு அடில போகாம தப்பிச்சது பூட்ஸாலதான்னு இப்பவும் நம்பறேன்.

யாருக்கு இது வேணாம்னா, ஏற்கனவே 300, 400 சிசில ரெண்டு வருஷம் நல்லா ஓட்டினவங்களுக்கு இது ஆறு மாசத்துல போரடிச்சிடும், அவங்க எம்டி-07 பக்கம் போகலாம். அடிக்கடி ஆள் ஏத்திட்டு போறவங்களுக்கும் வேணாம். கரடுமுரடான ரோடுதான் தெனமும்னாலும் வேணாம். மத்தபடி 150ல இருந்து நேரா ஏறணும்னு நெனைக்கறவங்க மொதல்ல ஒரு 500 சிசியையும் ஒரு தடவ ஓட்டிட்டு வாங்க, அதுவே போதும்னு தோணினா வெக்கப்படாம அங்கயே நில்லுங்க, தோணலன்னா இது.

போன வாரம் மச்சான் வந்திருந்தான், லிட்டர் பைக் எடுக்கப் போறேன்னு ஒரே பேச்சு, மொபைல்ல போட்டோ காட்டறான், 1000 சிசி, மாப்ள இதுதான் மாப்ளன்னு. நான் ஒண்ணும் சொல்லல, கீழ கூட்டிட்டு போய் நின்ஜாவ காட்டி சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். "அந்த தூண் வரைக்கும் தள்ளிட்டு போய் திருப்பிட்டு வாடா." திரும்பி வந்து ஸ்டாண்ட் போட்டான், ரெண்டு கையையும் பேன்ட்ல தொடச்சான், ஒரு நிமிஷம் வண்டியவே பாத்துட்டு நின்னான். "இது எத்தன கிலோன்னு சொன்ன?"